சைக்கி வண்ணாத்திப்பூச்சி: குமரி மாவட்டத்துல அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

மதில் ஓரம், சானல் கரை, வாழைத்தோட்டத்து வரப்பு, எங்க பாத்தாலும் புல்லுக்குக் கொஞ்சம் மேல தத்தித் தத்திப் பறக்குற ஒரு சின்ன வெள்ள வண்ணாத்திப்பூச்சி உண்டு, முன் றெக்கையில கறுப்பா ஒரு பொட்டு இருக்கும். அதப் பத்திதான் இது. ஃபோட்டோ அனுப்பி "இது என்னது"ன்னு கேக்கறவங்க, பிள்ளைங்க ப்ராஜெக்டுக்குக் கேக்கற அம்மாமார், செடியில புழுவப் பாத்துட்டு மருந்து அடிக்கலாமான்னு கேக்கறவங்க, எல்லாருக்கும் தனித்தனியா சொல்லிட்டு இருந்தத ஒண்ணா எழுதிருக்கேன். வேற எந்தப் பூச்சியையும் விட இதத்தான் நம்ம வீட்டு முற்றத்துலயே வச்சுக் காப்பாத்த முடியும், அதனாலதான் இவ்வளவு நீளம்.

இதுக்குப் பேரு என்ன?

சைக்கின்னு சொல்லுவாங்க. அறிவியல் பேரு லெப்டோசியா நினா. 1793-ல ஃபேப்ரிசியஸ்ங்கிற டென்மார்க் பூச்சி ஆராய்ச்சியாளர் வச்ச பேரு. பியரிடே குடும்பம், அதாவது வெள்ளையும் மஞ்சளுமா இருக்கற வண்ணாத்திகளோட குடும்பம். மேற்க களியக்காவிளை பக்கம் மலையாளம் பேசறவங்க பொட்டுவெள்ளாட்டின்னு சொல்றதும் இதத்தான். நம்ம ஊருல மட்டும் இருக்கற பூச்சின்னு நெனச்சிராதீங்க, இந்தியா, இலங்கை, பர்மா, மலேசியா, இந்தோனேசியான்னு போயி ஆஸ்திரேலியாவோட வட ஓரம் வரைக்கும் இருக்கு.

பாத்தா எப்படிக் கண்டுபிடிக்க?

அளவு சின்னது, றெக்கைய விரிச்சா ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் மூன்றரையில இருந்து அஞ்சு செண்டிமீட்டருக்குள்ளதான் வரும். மேல் பக்கம் முழுசும் வெள்ள, முன் றெக்கையோட நுனி கறுப்பு, அந்த நுனிக்கு உள்பக்கமா தனியா ஒரு பெரிய கறுப்புப் பொட்டு. பின் றெக்கையில மேல் பக்கம் ஒண்ணுமே கிடையாது, சுத்த வெள்ள. றெக்கைய மூடி உக்காரும்போது அடிப்பக்கம் பாருங்க, மஞ்சளும் பச்சையும் கலந்த பொடிப்பொடி புள்ளியெல்லாம் சேந்து அலை அலையா வரிவரியா ஓடும், அதுதான் ரொம்ப அழகு, தூரத்துல நின்னு பாத்தா தெரியாது, கிட்டப் போயி குனிஞ்சு பாக்கணும். றெக்கை ரொம்ப மெல்லிசு, வெயிலுக்கு எதிர்ல பிடிச்சா பின்னால இருக்கற இலை நிழலா தெரியும். றெக்கை ஓரங்களும் கூர்மையா இல்லாம உருண்டையா இருக்கும், இது முக்கியமான அடையாளம், ஏன்னா வேகமாப் பறக்குற மத்த வெள்ளைகளுக்கு முன் றெக்கை நுனி கொஞ்சம் கூர்ந்து இருக்கும்.

நான் பாத்ததுல பொட்டு ரொம்ப மங்கலா இருந்துச்சு, வேற ஜாதியா?

அதே சைக்கிதான். பொட்டோட அளவு ஒவ்வொண்ணுக்கும் மாறும், மழை இல்லாத காஞ்ச காலத்துல வர்றதுக்குக் கறுப்பு கம்மியாவும் இருக்கும். நுனிக் கறுப்பும் உருண்ட றெக்கையும் பறக்குற விதமும் ஒத்து வந்தா சந்தேகமே வேண்டாம்.

ஆணு எது பொண்ணு எது?

ரெண்டும் பாக்க ஒண்ணுபோலதான். பறக்கும்போது பாத்து சொல்ல முடியாது. என்ன செய்யுதுன்னு பாத்துத்தான் சொல்லணும், ஒரு செடியில இறங்கி, இலைய முன்காலால தட்டித் தட்டிப் பாத்துட்டு, வயித்த வளைச்சு இலைக்கு அடியில கொண்டு போச்சுன்னா அது பொண்ணு. இன்னொண்ணும் உண்டு, ஒண்ணு புல்லுல உக்காந்து றெக்கைய விரிச்சு வயித்த மேல தூக்கிப் பிடிச்சிட்டு இருக்கும், பக்கத்துல இன்னொண்ணு சுத்திச் சுத்தி வரும். நிறைய பேரு அத ஜோடி சேருதுன்னு நெனைக்கறாங்க. "எனக்கு வேண்டாம், போ"ன்னு பொண்ணு சொல்ற விதம் அது, இந்தக் குடும்பத்துல பல ஜாதிகளுக்கும் உண்டு.

வெள்ள வண்ணாத்தி நிறைய இருக்கே, எதுகூட எல்லாம் குழம்பும்?

நம்ம மாவட்டத்துல வெள்ளையா பறக்குறது ஏழெட்டு ஜாதியாவது அடிக்கடி கண்ணுல படும், முக்கியமானத மட்டும் சொல்றேன்.

காளிகேசம், கீரிப்பாறை பக்கம் ஆத்தங்கரை ஈரமண்ணுல கூட்டமா உக்காந்து தண்ணி உறிஞ்சுறது பெரும்பாலும் அல்பட்ராஸும் எமிக்ரன்ட்டும்தான். ரெண்டும் சைக்கிய விடப் பெருசு, கிட்டப் போனா சடார்னு மேல கிளம்பி மரத்து உசரத்துக்குப் போயிரும். எமிக்ரன்ட் வெள்ளையில லேசா பச்சையும் மஞ்சளும் ஓடும், கொன்றை மரத்துல முட்டை போடும், சில வருஷம் ஒரே திசையில நூறு நூறா பறந்து போறது ரோட்டுல நின்னாலே தெரியும்.

ஆரல்வாய்மொழி, தோவாளை மாதிரி காஞ்ச பூமியில தரைய ஒட்டி வேகமா ஓடுறது பயனியர். வெள்ளையில கறுப்பு நரம்பும் ஓரமும் இருக்கும். கல் (Gull) ங்கிற இன்னொரு வண்ணாத்தியும் அதே மாதிரி, ஆனா அடிப்பக்கம் மஞ்சளும் பழுப்புமா நரம்பு தடிச்சுத் தெரியும்.

ஜெசபெல்ல யாரும் மறக்க மாட்டாங்க, மேல வெள்ளை, அடியில மஞ்சள், ஓரத்துல வரிசையா சிவப்புப் பொட்டு. மாமரத்து மேல இருக்கற புல்லுருவியில அதோட புழு கூட்டமா இருக்கும். உசரத்துலயே பைய மெதந்து போகும், ஏன்னா அது ருசி கெட்ட பூச்சின்னு பறவைகளுக்குத் தெரியும், அவசரமே கிடையாது.

பெரிய ஆரஞ்சு நுனியன் பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் பாக்கலாம், உள்ளங்கை அளவு இருக்கும், முன் றெக்கை நுனி நல்ல ஆரஞ்சு, நம்ம நாட்டு பியரிடே குடும்பத்துல ரொம்பப் பெருசுல ஒண்ணு. அதும் சைக்கியும் ஒரே குடும்பம், முட்டை போட மாவிலங்க மரத்த ரெண்டுமே பங்கு போட்டுக்கும்.

இவ்வளவும் மனசுல நிக்கலன்னா ஒண்ணே ஒண்ணு பாருங்க. முட்டளவுக்கு மேல ஏறாம, நேரா போகாம, அவசரமும் இல்லாம ஒரு வெள்ள வண்ணாத்தி புல்லுக்குள்ளயே சுத்துதுன்னா அது சைக்கி.

அது ஏன் அப்படித் தள்ளாடிப் பறக்குது? அடி கிடி பட்டிருக்கா?

இத நிறைய பேரு கேட்டாச்சு, பாவம்னு பிடிச்சு செடி மேல வச்சவங்களும் உண்டு. அடி ஒண்ணும் படல, அது பறக்குற விதமே அப்படித்தான். உடம்பு ஒல்லி, றெக்கை அகலமும் மெல்லிசும், அதனால ஒவ்வொரு அடிக்கும் உடம்பு மேல கீழ ஆடும், திசையும் மாறிட்டே இருக்கும். பாக்க பலவீனமா தெரிஞ்சாலும் அடர்ந்த புதருக்குள்ள, நாணலுக்கும் தண்டுக்கும் இடையில புகுந்து போக அதுதான் வசதி, வேகமா நேரா போற எமிக்ரன்ட்டால அங்க நுழையவே முடியாது. காத்து பலமா அடிக்கிற நாளு மட்டும் அதுக்குக் கஷ்டம், அப்ப இலைக்கு அடியில தொங்கிட்டு இருக்கும்.

அந்த வெள்ள நிறம் எங்க இருந்து வருது?

இது ரொம்ப நல்ல கேள்வி, பத்தாங்கிளாஸ் பிள்ள ஒண்ணு கேட்டது. றெக்கை மேல ஓடு அடுக்குன மாதிரி நுண்ணிய செதில் இருக்கு, இந்தக் குடும்பத்துல அந்தச் செதிலுக்குள்ள டெரின்ங்கிற வகை நிறமி பொடி உருண்டையா நிறைஞ்சு கிடக்கும். வெள்ளைக்கு லூகோடெரின், மஞ்சளுக்கு சாந்தோடெரின். அந்த உருண்டைங்க மேல படுற வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுறதால வெள்ளை இன்னும் பளிச்சுன்னு தெரியுது.

இங்கிலாந்துல ஃபிரடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் 1890கள்லயே இந்தக் குடும்பத்து நிறமிகள ஆராய்ஞ்சு எழுதினாரு, பிறகு வைட்டமின் ஆராய்ச்சிக்காக 1929-ல நோபல் வாங்கினவரு அவருதான். 1920கள்ல ஜெர்மனியில வீலாண்டும் ஷோஃப்பும் இந்த நிறமிகளத் தனியாப் பிரிச்சு எடுத்தாங்க. இதுல எனக்கு எப்பவும் ஆச்சரியமா இருக்கற விஷயம், கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரியில குடுக்குற ஃபோலிக் ஆசிட் மாத்திரை இருக்கே, அந்த ஃபோலிக் ஆசிட்டோட மூலக்கூறுல ஒரு பகுதி இதே டெரின் வளையம்தான். மதில் ஓரத்துல பறக்குற பூச்சியோட றெக்கையில இருக்கற அதே வேதியியல் அமைப்பு நம்ம ரத்தம் ஊறுறதுக்கும் வேணும்.

நம்ம மாவட்டத்துல எங்க போனா பாக்கலாம்?

எங்கயும் போக வேண்டாம், முதல்ல உங்க விளையச் சுத்திப் பாருங்க. சைக்கிக்கு வேண்டியது நாலு விஷயம், கொஞ்சம் நிழல், கொஞ்சம் ஈரம், முட்டளவு புல் பூண்டு, அதுக்கிடையில முட்டை போடுற செடி. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ரெண்டு மழையும் நல்லா கிடைக்கறதால அங்க எல்லாக் கிராமத்துலயும் உண்டு. தென்னந்தோப்போட ஓரம், வாழைக்கு நடுவுல விட்டிருக்கற வாய்க்கால், மரச்சீனி வரப்பு, சானல் ரோட்டோட ரெண்டு பக்கமும், மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழ இறங்குற படி ஓரம், திற்பரப்பு போற வழி, சிதறால் மலை ஏறுற பாதையோட அடிவாரம், இங்க எல்லாம் மெதுவா நடந்தாலே கண்ணுல படும்.

ரப்பர் தோட்டத்துக்குள்ள ஒண்ணு ரெண்டு வரும், ஆனா உள்ள போகப் போக கம்மி, ஏன்னா அங்க தரையில வேற செடிக்கு இடமே குடுக்கறதில்ல. ரப்பர் தோட்டமும் ரோடும் சேருற அந்த ஓரத்துல பாத்தா கிடைக்கும்.

கிழக்க ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் காத்து எப்படி அடிக்கும்னு காத்தாலையப் பாத்தாலே தெரியும், வெட்டவெளியில சைக்கி நிக்காது, ஆனா அங்கயும் கால்வாய்க் கரையில காத்துப் படாத பக்கத்துல இருக்கு. சுசீந்திரம், தேரூர் குளத்துக்குப் பறவை பாக்கப் போறவங்க பைனாகுலர கீழ எறக்கிட்டுக் கரைப் புல்லயும் ஒருதடவ பாருங்க.

எந்த மாசத்துல நிறைய வரும்?

வருஷம் முழுக்க உண்டு. மழை பேஞ்சு செடி தழைச்ச பிறகுதான் கூடும், இடவப்பாதி மழை முடிஞ்சு ஆகஸ்ட் செப்டம்பர்லயும், ஐப்பசி கார்த்திகை மழை ஓஞ்ச பிறகு டிசம்பர் ஜனவரியிலயும் பாத்தீங்கன்னா ஒரு வரப்புலயே பலது சுத்திட்டு இருக்கும். மாசி பங்குனி வெயில்ல ஈரமுள்ள இடத்துக்கு ஒதுங்கிரும்.

என்ன சாப்பிடும்?

பூந்தேன். அதோட உசரத்துக்கு எட்டுற சின்னப் பூவா பாத்துத்தான் போகும், கிணத்தடிப்பூண்டு, தொட்டாச்சுருங்கி, குறுந்தொட்டி இப்படி நாம மிதிச்சுட்டுப் போற பூக்கள். கடையில வாங்கி வைக்கிற அடுக்குச் செம்பருத்தியில எல்லாம் அதுக்கு ஒண்ணுமில்ல. ஆத்து மணல்ல கூட்டமா உக்காந்து உப்புத் தண்ணி உறிஞ்சுற பழக்கம் மத்த வெள்ளைகளுக்கு உண்டு, சைக்கிய அந்தக் கூட்டத்துல நான் பாத்ததில்ல.

முட்டை எந்தச் செடியில போடும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் எல்லாரும் முழுசா வாசிங்க, ஏன்னா செடி தெரியாம சைக்கியக் காப்பாத்த முடியாது.

முதல் செடி நாய்வேளை, நாய்க்கடுகுன்னும் சொல்லுவாங்க. மழைக்குப் பிறகு தரிசுல, சரல் குமிச்சுப் போட்ட இடத்துல, மதில் வெடிப்புல எல்லாம் தானா முளைக்கும். நாலு இதழ் மஞ்சப்பூ, மூணுல இருந்து அஞ்சு இலைத்துண்டு, செடி முழுக்க பிசுபிசுன்னு ஒட்டும், கசக்கினா ஒரு கார வாசனை வரும், காய் நெட்டையா மேல் நோக்கி நிக்கும், உள்ள விதை கடுகு மாதிரி இருக்கும்.

ரெண்டாவது, அதுக்குச் சொந்தக்காரச் செடி ஒண்ணு, ஊதா நிறத்துல சின்னப் பூ, மூணு இலைத்துண்டு, ஈரமான ரோட்டோரத்துல படந்து கிடக்கும். மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து வந்த செடி, இப்ப கேரளாவுலயும் நம்ம மாவட்டத்துலயும் எங்க பாத்தாலும் இருக்கு. வெளிநாட்டுச் செடியா இருந்தாலும் சைக்கி அத ஏத்துக்கிச்சு. நம்மளா அதப் பரப்ப வேண்டாம், அது தானாவே வேண்டிய அளவு பரவும்.

மூணாவது மாவிலங்க மரம். ஆத்தங்கரையிலயும் கோயில் பக்கத்துலயும் இருக்கும், இலை மூணு மூணா, பூ வெள்ளையும் மஞ்சளுமா கொத்தா, கேசரம் நீளமா வெளிய நீட்டிட்டு இருக்கும். மரத்தோட அடியில வர்ற தளிர்லயும் சின்னக் கன்றுலயும்தான் சைக்கியத் தேடணும், மரத்து உச்சிக்கு அது போகாது.

நாலாவது ஆதொண்டை, முள்ளுக்கொடி, வேலி ஓரத்துல இருக்கும், முன்னால நிறைய இருந்துச்சு, வேலி போயி மதில் வந்ததும் அதும் போச்சு.

இந்த நாலுக்கும் ஒரு ஒத்துமை உண்டு, கடுகுக்கு இருக்கற அந்தக் காரச் சத்து இதுங்களுக்கும் உண்டு. அந்த வாசனையும் ருசியும்தான் வண்ணாத்திக்கு அடையாளம், அது காலாலதான் ருசி பாக்கும், இலையத் தட்டிப் பாக்கறது அதுக்குத்தான்.

அந்தக் காரம் புழுவுக்கு ஒண்ணும் செய்யாதா?

மத்த பூச்சிகளுக்குச் செய்யும். இலையக் கடிச்ச உடனே செடிக்குள்ள தனித்தனியா இருந்த ரெண்டு பொருள் சேந்து கடுகெண்ணெய்க் காரம் உண்டாகும், அது விஷம். இந்த வெள்ளைகளோட புழுவுக்கு வயித்துல ஒரு புரோட்டீன் இருக்கு, அது காரம் உண்டாகற வழியிலயே குறுக்க புகுந்து விஷம் கம்மியான வேற பொருளா மாத்தி வெளிய தள்ளிரும். முட்டைக்கோஸ் வெள்ளைங்கிற வண்ணாத்தியில 2004-ல இதக் கண்டுபிடிச்சாங்க. செடி தன்னக் காப்பாத்திக்க வச்ச விஷத்தையே "இங்க சாப்பாடு இருக்கு"ங்கிற விலாசமா இந்தக் கூட்டம் மாத்திக்கிச்சு, எத்தனை தடவ வாசிச்சாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

முட்டை எப்படி இருக்கும்? கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும், ஆனா தேடணும். இலைக்கு அடிப்பக்கம் ஒத்தை ஒத்தையா போடும், ஒரு இடத்துல கூட்டமா போடாது. ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட உசரம், நெல்லுமணிய நட்டு வச்ச மாதிரி செங்குத்தா நிக்கும், மேல இருந்து கீழ வரைக்கும் வரிவரியா மேடு இருக்கும். போட்ட உடனே வெளிறின நீலம் கலந்த பச்சை. நம்ம ஊரு சூட்டுக்கு மூணு நாள் போல ஆகும் பொரிக்க. லென்ஸ் இல்லன்னா ஃபோன் கேமராவ ஜூம் பண்ணிப் பாருங்க, வரிகூட தெரியும்.

புழு?

பொரிச்சதும் முதல் சாப்பாடு முட்டை ஓடுதான். அப்ப ரெண்டு மில்லிமீட்டர்கூட வராது, மஞ்சள் கலந்த நிறம், உடம்புல நிக்கிற ஒவ்வொரு மயிர் நுனியிலயும் கண்ணாடி மாதிரி ஒரு சொட்டு திரவம் இருக்கும். இலை தின்னத் தின்ன பச்சையாகும், நாலு தடவ தோல் உரிச்சு அஞ்சு பருவம் தாண்டும், கடைசிப் பருவத்துல ரெண்டு செண்டிமீட்டருக்குச் சுமாரா வரும். உடம்பு முழுக்க இலைப் பச்சை, மேல பொடி மயிரு, நடு நரம்பு மேல நீளவாக்குல ஒட்டிப் படுத்துக்கும், பக்கத்துல நின்னு பாத்தாக்கூட இலையா புழுவான்னு தெரியாது.

கண்டுபிடிக்க வழி இருக்கு, புழுவத் தேடாதீங்க, கடிச்ச தடயத்தத் தேடுங்க. இலையில சின்ன ஓட்டை, ஓரத்துல வளைஞ்ச கடி, கீழ் இலை மேல பச்சைக் கறுப்பா எச்சம், இது இருந்தா மேல எங்கயோ ஆளு இருக்கு. முட்டையில இருந்து கூட்டுப்புழு ஆகுற வரைக்கும் புழு மட்டும் ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கம்மியா எடுக்கும், மழையும் குளிரும்னா இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் கூடும்.

கூடு எப்ப கட்டும், எங்க கட்டும்?

கம்பளிப்புழு மாதிரி நூல் சுத்தின கூடு கிடையாது. வளந்து முடிஞ்ச புழு சாப்பாட்ட நிறுத்திட்டு கொஞ்சம் சுருங்கி இடம் தேடி அலையும், பிறகு ஒரு இலைக்கு அடியிலயோ தண்டுலயோ பட்டு நூலால ஒரு சின்ன மெத்தை நெய்து அதுல பின்பக்கத்தக் கோத்துக்கும், இடுப்பச் சுத்தி ஒரு நூல் பெல்ட் போட்டுக்கும். ஒரு நாள் அப்படியே கிடந்து கடைசித் தோலையும் உரிச்சா கூட்டுப்புழு. ஒன்றரை செண்டிமீட்டர் போல நீளம், தலைப்பக்கம் கூரா இருக்கும், சிலது பச்சை, சிலது பழுப்பு கலந்த ரோஸ் நிறம்.

அஞ்சாறு நாள்ல வெளிய வரும். வர்றதுக்கு முந்தின நாள் கண்டிப்பா பாருங்க, கூட்டோட தோல் கண்ணாடி மாதிரி ஆகி உள்ள இருக்கற றெக்கையோட கறுப்பு நுனியும் அந்தப் பொட்டும் குட்டியா தெளிவா தெரியும். மறுநாள் காலையில ஓடு வெடிச்சு வெளிய வந்து தலைகீழா தொங்கிட்டு, சுருங்கின றெக்கைக்குள்ள திரவத்த ஏத்தி விரிக்கும், அடியில ஒரு சொட்டு கலங்கின தண்ணி விழும், அது ரத்தம் இல்ல, கூட்டுக்குள்ள சேந்த கழிவு. றெக்கை காயுற வரைக்கும் தொடாதீங்க, அப்ப மடங்கினா பிறகு நேராகவே செய்யாது.

ஆக மொத்தம் எத்தன நாள்?

முட்டையில இருந்து பறக்குற வரைக்கும் மூணு வாரம்னு வச்சுக்கலாம். அதான் ஒரு மழைக்காலத்துக்குள்ளயே தலைமுறை தலைமுறையா வந்துட்டே இருக்கு.

இந்தப் புழு காய்கறித் தோட்டத்தக் கெடுக்குமா? மருந்து அடிக்கலாமா?

கெடுக்காது, அடிக்க வேண்டாம். நம்ம நடுற வாழை, மரச்சீனி, பயறு, வெண்டை, கத்திரி, எதுவும் அதுக்குச் சாப்பாடு இல்ல. வட இந்தியாவுல முட்டைக்கோஸையும் காலிஃபிளவரையும் தின்னுற வெள்ள வண்ணாத்தி வேற ஜாதி, படத்தப் பாத்துட்டு இதையும் அதுகூட சேத்துராதீங்க.

எங்க முருங்கையில கூட்டமா புழு, தொட்டா அரிக்குது, இதுதானா?

இல்லக்கா. முருங்கைத் தடியில கூட்டமா ஒட்டிட்டு இருக்கறது ஒரு அந்திப்பூச்சியோட கம்பளிப்புழு, மயிரு பட்டா அரிச்சுத் தடிக்கும். சைக்கிப் புழு தனியா இருக்கும், பச்சையா இருக்கும், கையில ஏறினாலும் ஒண்ணும் ஆகாது.

றெக்கைப் பொடி கண்ணுல பட்டா கண்ணு போயிரும்னு பாட்டி சொல்லுவாங்களே?

போகாது. அது முன்ன சொன்ன செதில்தான், நம்ம நகம் மாதிரி உயிரில்லாத பொருள், விஷம் கிடையாது. தூசி விழுந்தா எப்படி உறுத்துமோ அப்படி உறுத்தும், தண்ணியில கழுவினா சரி. ஆனா பாட்டி சொன்னதுனால பிள்ளைங்க பிடிக்காம விட்டாங்கன்னா அது பூச்சிக்கு நல்லதுதான், செதில் ஒருதடவ போச்சுன்னா திரும்ப முளைக்காது.

எதிரி யாரு?

முட்டைக்குள்ளயே முட்டை போடுற பொடி குளவி, புழுவத் தூக்கிட்டுப் போற எறும்பு, புழு உடம்புக்குள்ள வளந்து வெளிய வர்ற இன்னொரு வகைக் குளவி, பூவுல பதுங்கி இருக்கற நண்டுச்சிலந்தி, தும்பி, ஓணான், கரிச்சான். செடியில வெள்ளையா பஞ்சு மாதிரி சின்னச் சின்னக் கூடு ஒட்டிட்டு இருந்து பக்கத்துல புழு செத்துக் கிடந்தா குளவி வேலை. அதையும் பிடுங்கிப் போடாதீங்க, உங்க காய்கறியில வர்ற புழுவக் கொல்றதும் அதோட சொந்தக்காரங்கதான். இவ்வளவு பேரு தின்னும் சைக்கி குறையல, காலம் காலமா இந்தக் கணக்குக்குப் பழகின பூச்சி அது. அது தாங்காதது வேற.

எது தாங்காது?

ரெண்டு விஷயம் சொல்றேன், கோபமா இல்ல, வருத்தமாத்தான்.

ஒண்ணு களைக்கொல்லி. முன்னால எல்லாம் விளையில காடு மண்டினா மண்வெட்டியாலயோ அருவாளாலயோ வெட்டுவோம், வேரு மிச்சம் இருக்கும், ஓரத்துல கொஞ்சம் விட்டுப்போகும், ரெண்டு வாரத்துல தளிர் வரும், முட்டை போட பூச்சியும் வரும். இப்ப ஆள் கூலி கூடிப்போச்சு, ஆளும் கிடைக்கல, அது நிஜம்தான், அதனால ஒரு கேன் வாங்கி அடிச்சிர்றாங்க, வரப்பு, சானல் கரை, ரோட்டோரம் எல்லாம் ஒரே நாள்ல வைக்கோல் நிறமா ஆகிருது. முட்டையும் புழுவும் இருந்த செடியே காஞ்சா அதுங்களுக்குப் போக இடம் ஏது, தள்ளாடிப் பறக்குற பூச்சி பக்கத்து ஊருக்குப் போயி குடியேறுமா?

ரெண்டாவது முற்றத்துல போடுற இன்டர்லாக் கல்லு. மழைக்குச் சேறு ஆகுது, வயசானவங்க வழுக்கி விழறாங்க, போடணும்தான், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா மதில்ல இருந்து மதில் வரைக்கும் ஒரு சாண் மண்ணுகூட விடாம போடுறாங்க பாருங்க, அது எதுக்கு? மழைத்தண்ணி கிணத்துக்கு இறங்கவும் வழி இல்ல, ஒரு பூண்டு முளைக்கவும் இடம் இல்ல. மதில் ஓரமா ரெண்டடி அகலத்துக்கு மண்ண விட்டாப் போதும். சில வண்ணாத்திக்கு பெரிய காடு வேணும், ஆறு வேணும். சைக்கிக்கு அந்த ரெண்டடி போதும், அதுக்காகத்தான் நான் இவ்வளவு கெஞ்சுறேன்.

புல்லு விட்டா பாம்பு வராதா?

பயம் நியாயம்தான், குறிப்பா மழைக்காலத்துல. வாசல், நடக்கிற வழி, கக்கூஸ் பக்கம், பிள்ளைங்க விளையாடுற இடம் எல்லாம் சுத்தமா வைங்க. பின்பக்க மதில் ஓரத்துல மட்டும் விடுங்க, அங்கயும் ஓடு, விறகு, தேங்கா மட்டைன்னு குமிச்சுப் போடாதீங்க, பாம்பு ஒளிய இடம் தேடுறது புல்ல விட அந்தக் குமியலுக்கு அடியிலதான். வெட்டணும்னா மொத்தமா வெட்டாம இந்த மாசம் பாதி, அடுத்த மாசம் மீதின்னு வெட்டுங்க, மூணு வாரக் கணக்கு ஞாபகம் இருக்கில்லையா, அதுக்குள்ள ஒரு பக்கத்துல இருக்கறது பறந்துரும்.

வீட்டுல வச்சு வளத்துப் பாக்கலாமா? பிள்ள ப்ராஜெக்டுக்கு வேணும்.

ஒண்ணு ரெண்டு புழு போதும், அள்ளிட்டு வராதீங்க. எந்தச் செடியில எடுத்தீங்களோ அதே செடியோட கொம்ப ஒடிச்சு தண்ணி உள்ள சின்ன பாட்டில்ல வைங்க, பாட்டில் வாயில பஞ்சு அடைங்க, இல்லன்னா புழு தண்ணியில விழுந்து செத்துரும். மேல வலைத்துணி மூடுங்க, வெயில்ல வைக்காதீங்க, எச்சத்தத் தினமும் தட்டிருங்க, எறும்பு ஏறாம தண்ணித் தட்டுல வைங்க. இலை வாடினா மாத்துங்க. ரோட்டோரத்துல மருந்து அடிச்ச இலை வேண்டவே வேண்டாம். பறக்க வந்ததும் எடுத்த இடத்துலயே கொண்டு விடுங்க மக்களே, வேற ஊருல போயி விட வேண்டாம்.

ஃபோட்டோவே எடுக்க முடியல, உக்காரவே மாட்டேங்குது.

காலையில வெயில் ஏறுறதுக்கு முன்ன, இல்லன்னா மழை விட்ட உடனே, இலை நுனியிலயும் பூவுலயும் கொஞ்ச நேரம் உக்காரும். பின்னாலயே ஓடாதீங்க, பூ இருக்கற இடத்துல குத்தவச்சு உக்காந்துருங்க, சுத்திச் சுத்தி அங்கயேதான் வரும். உங்க நிழல் அது மேல விழாம பாத்துக்குங்க.

தமிழ்நாட்டோட மாநில வண்ணாத்திப்பூச்சி இதுவா?

இல்ல, அது தமிழ் மறவன், 2019-ல அறிவிச்சாங்க. ஆரஞ்சு நிறம், மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டுப் பூச்சி.

நாய்வேளை விதை எங்க கிடைக்கும், எப்ப போடணும்?

நர்சரியில கேட்டா சிரிப்பாங்க, களைன்னு சொல்லுவாங்க, கடையில தேட வேண்டாம். காய் பழுப்பாகி வெடிக்கறதுக்கு முன்ன பறிச்சு பேப்பர்ல கட்டி நிழல்ல வைங்க, ரெண்டு நாள்ல தானா வெடிச்சு விதை கொட்டும். மே மாசக் கடைசியிலயோ ஐப்பசி மழைக்கு முன்னயோ மண்ண லேசா கீறி மேலாப்புல தூவுங்க, ஆழமா புதைக்க வேண்டாம், உரமும் வேண்டாம். வெயில் கொஞ்சம் படுற இடமா பாத்துப் போடுங்க. ஒரு கையளவு செடி உசந்ததும் இலையத் திருப்பித் திருப்பிப் பாக்க ஆரம்பிங்க, பக்கத்துல சைக்கி இருந்தா முட்டை வந்துரும். செடி பூத்துக் காய்ச்சு தானா சாகும், பிடுங்காம விட்டா அடுத்த மழைக்கு அதே இடத்துல மறுபடி முளைக்கும்.